மஞ்சள் பை

அன்புள்ள மூக்கா,

எழுதி எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சுகம், நெட்டையைத் தவிர.

அவனுக்கு ரத்தப் புற்றுநோய். போன மாதம்தான் தெரிந்தது. "மூக்கன் அழுது தொலைப்பான், சொல்லாதே" என்றான். இனியும் மறைக்க முடியவில்லை. கீமோ மருந்து ஓடுகிறது. அது கெட்டதோடு நல்லதையும் சேர்த்து அடிப்பதால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி படுத்துவிட்டது. ரத்தக்கசிவை அடைக்கும் பிளேட்லெட் என்ற அணு 1,50,000-க்குக் குறையக் கூடாது, அது 9,000-க்கு வந்துவிட்டது. பல் தேய்த்தால் ஈறெல்லாம் ரத்தம். கால் முழுக்கக் குண்டூசியால் குத்தினாற்போல் சிவப்புப் புள்ளிகள். உடனே பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்றார்கள். கொடுக்கப் போய்ப் படுத்தேன்.

ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய்ச் சுழல்கிறது. பிளேட்லெட்டையும் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் கொஞ்சத்தையும் பிரித்துக்கொண்டு மிச்சத்தை நமக்கே திருப்பிவிடுகிறது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் உதடு மரத்துப்போனது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறதாம். கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள், சரியாயிற்று.

முடிந்ததும் பையைக் காட்டினார்கள். சிவப்பே இல்லையடா! கலங்கலான வைக்கோல் மஞ்சள். "இதுவா என் ரத்தம்?" என்றேன். ரத்தம் எடுத்த பெண் சிரித்துவிட்டாள். சிவப்பெல்லாம் சிவப்பணுவிலிருக்கும் ஹீமோகுளோபினின் கைவரிசை. ரத்தத்தில் பாதிக்கு மேல் இந்த மஞ்சள் பிளாஸ்மாதான், அதிலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டைப் பார்த்ததற்கே சாய்ந்தாயே, இதைப் பார்த்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

பையைக் கொண்டுபோய் ஆடும் தட்டில் வைத்தாள். தொட்டில் மாதிரி இடைவிடாமல் ஆடுகிறது. ஆடாமல் கிடந்தால் பிளேட்லெட் கெட்டுவிடுமாம். சிவப்பணுவைக் குளிரில் 6 வாரம் வரை வைக்கலாம். இதற்குக் குளிரும் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், ஐந்தே நாள். சேர்த்து வைக்க வழியே இல்லை, யாராவது வந்து படுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு. உடம்பின் ரத்தக் குழாயில் ஓட்டை விழுந்தால் முதலில் ஓடிப்போய் ஒட்டி அடைப்பது இந்தப் பொடிசுகள்தான். பிளாஸ்மாவிலிருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நூலாகி வலை பின்னுவதெல்லாம் அந்த அடைப்பைக் கெட்டிப்படுத்தத்தான்.

ஏற்றிய மறுநாள் 38,000. நான் என்னவோ பரீட்சையில் தேறியதுபோல் துள்ளினேன். மூன்றாம் நாள் 14,000.

சிவப்பணுவும் ஏற்றுகிறார்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளணுவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அதை இப்படிப் பை பையாக ஏற்றுவது வழக்கமில்லை, மஜ்ஜை எழுந்துதான் தர வேண்டும். அதுவரை ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் உள்ளே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மொட்டைத் தலையைத் தடவிக்காட்டி, "இப்போதாவது உயரம் குறைந்தேனா?" என்று சைகை செய்தான். சிரித்துவிட்டு, வெளியே வந்து வெகுநேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை நீ வா. தலைவலிக்கு ஆஸ்பிரின் விழுங்கும் உன் பழக்கத்தை இன்றே நிறுத்து. அது பட்ட பிளேட்லெட் சாகும்வரை தேறாது. உட்கரு இல்லாததால் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. புதிதாக ஊறி வர நாள் பிடிக்கும். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வா.

மயங்கிவிடுவேனே என்று சாக்குச் சொல்லாதே. அங்கே படுக்கவைத்துத்தான் எடுக்கிறார்கள், விழ இடமில்லை.

உன்,
குண்டன்