கிரான் வேலையின் வெளியீட்டைக் குப்பையில் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சர்வரில் பேக்கப்பைத் தானாக ஓட வைப்பது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் சேவையின் அட்டவணையான கிரான்டேபின் ஐந்து கட்டங்களையும் (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை) தெளிவாக விளக்கியிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு யோசனை: 'தேவையில்லாத மின்னஞ்சல் வந்து குவியாமல் இருக்க, வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிடுங்கள்.' இக்கடிதத்துக்குக் காரணம் அந்த ஒரு வரிதான். வெளியீடு என்பது வேலை ஓடும்போது எழுதும் செய்திகள். லினக்ஸின் டெவ்-நல் அடியில்லாப் பானை. அதில் ஊற்றியது எதுவும் திரும்பி வராது. பேக்கப் தோற்ற அன்று, ஏன் தோற்றது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அதோடு போய்விடும்.

மின்னஞ்சல் தொல்லை என்பது உண்மைதான். ஒரு வேலை திரையில் எதையாவது எழுதினால், கிரான் அதை அந்தப் பயனரின் பெயருக்கோ, மெயில்டு என்ற மாறியில் கொடுத்த முகவரிக்கோ அஞ்சலாக அனுப்பும். ஒரே கணினியில் பலரும் வேலை செய்து, அஞ்சலையும் அங்கேயே படித்த யூனிக்ஸ் காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. இன்றைய சர்வர்கள் பலவற்றில் அஞ்சல் அனுப்பும் மென்பொருளே கிடையாது. டெபியன் வகை லினக்ஸ் சர்வரில் சிஸ்லாக் என்ற பதிவேட்டைத் திறந்தால், அஞ்சல் மென்பொருள் நிறுவப்படவில்லை, வெளியீடு கைவிடப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி தினமும் பதிவாகியிருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அஞ்சல் மென்பொருள் இருந்தாலும், பெயர் தெரியாத ஒரு சர்வரிலிருந்து வரும் கடிதத்தைப் பெறும் பக்கம் ஏற்க வேண்டுமே!

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளக் கோப்புறை தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடியபோது அது இல்லை. பேக்கப் எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.2 பதிப்பிலும் தரவுத்தளம் 9.6 பதிப்பிலும் இருந்ததால், அந்த வேலை ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றுகொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைக் கிரான் அனுப்பத்தான் செய்தது. அவற்றில், அனுப்புநர் உண்மையானவரா என்று சோதிக்கும் டிமார்க் சரிபார்ப்புக்கு வேண்டிய கையொப்பம் இல்லாததால், பெறும் பக்கம் அவற்றை நிராகரித்துவிட்டது. வேறொரு காரணத்துக்காக யதேச்சையாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி கைகொடுத்தது. அப்படியும் சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. நிறுவனமே இதை விரிவாக எழுதி வெளியிட்டது. அதைப் படித்தால், தவறுதலாக அழித்த கையைவிட, போய்ச் சேராத அந்தக் கடிதங்கள்தான் மனதில் தங்கும்.

கோளாறு என்றால் கத்து, இல்லாவிட்டால் சும்மா இரு என்ற ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. கத்த வேண்டியவனே செத்துப்போனால்? மின்சாரம் போய் சர்வர் அணைந்திருக்கலாம், கிரான் சேவை நின்றிருக்கலாம், புது சர்வருக்கு மாறும்போது கிரான்டேபை நகலெடுக்க யாராவது மறந்திருக்கலாம். எல்லாமே 'எந்தத் தகவலும் இல்லை' என்றே தெரியும். எல்லாம் நலம் என்பதும் அப்படியேதான் தெரியும். சில ரயில்களில் ஓட்டுநர் தொடர்ந்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டிய ஒரு பிடி உண்டு. கை தளர்ந்தால் வண்டி தானே நின்றுவிடும். கண்காணிப்புச் சேவைகள் அதே கணக்கில் இயங்குகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி இணைய முகவரி. வேலை முடிந்ததும் அந்த முகவரியைத் தட்ட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் சேவை உங்களை எழுப்பும்.

இந்த அளவுக்குப் பலரும் செய்கிறார்கள். ஆனால் முகவரியை வெறுமனே தட்டிவிட்டு வருவது பாதி வேலைதான். நள்ளிரவில் 'பேக்கப் தோல்வி' என்று மட்டும் போனில் வந்தால் என்ன செய்வீர்கள்? சர்வருக்குள் நுழைந்து, லாகைத் தேடி, பிறகுதான் வட்டு நிறைந்ததா, கடவுச்சொல் காலாவதியா, நெட்வொர்க் அறுந்ததா என்று தெரியும். தட்டும்போதே வேலையின் வெளியீட்டையும், வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் முடிவு எண்ணையும் சேர்த்து அனுப்பினால், எச்சரிக்கையைத் திறந்தவுடன் காரணம் கண்முன் இருக்கும். ஹெல்த்செக்ஸ் போன்ற கண்காணிப்புச் சேவைகளில் முகவரியின் முடிவில் சாய்கோடும் முடிவு எண்ணும் சேர்த்தால் போதும். 0 வெற்றி, மற்றவை தோல்வி. வெளியீட்டைக் கோரிக்கையின் உடலில் (அதனோடு போகும் உள்ளடக்கத்தில்) வைத்து அனுப்பலாம்.

இணைய முகவரிகளைத் தட்டும் கர்ல் கட்டளை இதற்குப் போதும். அதன் விருப்பங்களைத்தான் கவனித்து வைக்க வேண்டும். ஃபெயில் விருப்பம் இல்லாவிட்டால், சேவை 404 (அப்படி ஒரு பக்கம் இல்லை) என்று பதில் தந்தாலும் கர்ல் தன் வேலை வெற்றி என்றே முடித்துக்கொள்ளும். மேக்ஸ்-டைம் (காத்திருக்கும் உச்ச நேரம்) 10 நொடி, ரீட்ரை (மறுமுயற்சி) 5 என்று வையுங்கள். மறுமுயற்சிகளுக்கிடையே 1, 2, 4 நொடி என்று இடைவெளி இரட்டித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் 10 நொடிக் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதால், மொத்த நேரத்துக்கு எல்லை வேண்டுமானால் ரீட்ரை-மேக்ஸ்-டைம் தனியாகத் தர வேண்டும். ஸ்கிரிப்டில் 'பிழை வந்தால் நில்' என்ற அமைப்பு இருந்தால், கண்காணிப்புச் சேவை படுத்த நாளில் உங்கள் வேலையும் சேர்ந்து படுக்காதபடி கர்லின் தோல்வியைப் புறக்கணிக்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி காணும் தவறு, வேலைக்கும் கர்லுக்கும் நடுவே அரைப்புள்ளி போட்டு, வெற்றி முகவரியையே தட்டுவது. வேலை எப்படி முடிந்தாலும் 'வெற்றி' போகும். இரட்டை ஆம்பர்சாண்ட் போட்டால் வெற்றியில் மட்டும் தட்டும். ஆனால் தோல்வியின் வெளியீடு உங்களுக்கு வராது. ஆகவே முடிவு எண்ணையும் கூடவே அனுப்புவதாக இருந்தால் அரைப்புள்ளியே சரி.

வேலையிலிருந்து குழாய்க் குறி (|) வழியாக நேரே கர்லுக்கு ஊற்றுவது இன்னொரு பொறி. குழாய் வரிசையின் முடிவு எண் கடைசிக் கட்டளையுடையது. பேக்கப் செத்தாலும் கர்ல் பிழைத்தால் 0தான். பாஷ் என்ற ஷெல்லில் (கட்டளைகளை ஓட்டும் நிரலில்) பைப்ஃபெயில் அமைப்பு இதை ஓரளவு சரிசெய்யும் என்றாலும், எண் கைக்கு வருமுன் கர்ல் ஓடிவிடுவதால் அதை முகவரியில் சேர்க்க வழியில்லை. வெளியீட்டை ஒரு மாறியில் பிடித்து, அடுத்த வரியில், முடிவு எண்ணைத் தரும் டாலர்-கேள்விக்குறியைப் பயன்படுத்தலாம். சிறிய வெளியீட்டுக்கு இது போதும். ஒரு ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்ற சொல்லோடு சேர்த்து அந்த மாறியை அறிவித்தால் மட்டும் கிடைக்கும் எண் லோக்கலுடையது, அது எப்போதும் 0. அறிவிப்பை ஒரு வரியிலும் பிடிப்பதை அடுத்த வரியிலும் எழுதுங்கள்.

வெளியீடு பெரிதாகும் வேலைக்கு மாறி ஆகாது. லினக்ஸில் ஒரு கட்டளைக்குத் தரும் தனி வாதம் 128 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் கர்ல் தொடங்கவே செய்யாது. அளவுக்கு மீறிப் பிழைச் செய்தி கொட்டிய நாளில்தானே தகவல் வேண்டும், அன்றைக்குப் பார்த்து அது போகாது. எனவே தற்காலிகக் கோப்பே பாதுகாப்பு. எம்கே-டெம்ப் கட்டளை கொண்டு கோப்பை உருவாக்கி, வேலையின் இரண்டு ஓடைகளையும் (வெளியீடு, பிழைச் செய்தி) அதற்குத் திருப்புங்கள். முதலில் கோப்பு, பிறகு 2>&1. பிந்தையது, பிழைச் செய்தியையும் அதே இடத்துக்கு அனுப்பு என்பது. வரிசையை மாற்றி எழுதினால் பிழைச் செய்தி கோப்புக்குள் வராது. வேலை முடிந்த அடுத்த வரியிலேயே முடிவு எண்ணை மாறியில் சேமியுங்கள். நடுவில் ஒரு எக்கோ வந்தாலும் எண் மாறிவிடும். பிறகு டெயில் கட்டளையால் கோப்பின் கடைசி 1,00,000 பைட்டை எடுத்து கர்லுக்கு ஊட்டுங்கள். ஹெல்த்செக்ஸ் சேமிப்பது உடலின் முதல் 100 கிலோபைட்டை. பிழையோ பெரும்பாலும் வாலில்தான் இருக்கும். அதனால்தான் தலையை வெட்டிவிட்டு வாலை அனுப்புகிறோம். கர்லில் டேட்டா-பைனரி விருப்பத்தைப் பயன்படுத்துங்கள். வெறும் டேட்டா விருப்பத்தில் கோப்பைக் கொடுத்தால் வரிமுறிவுகளை நீக்கிவிடும். முந்நூறு வரி லாக் ஒரே வரியாகப் போய்ச் சேரும். தமிழில் செய்தி எழுதும் ஸ்கிரிப்ட் என்றால் இன்னொன்று: யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். வெட்டும் இடத்தில் ஒரு குறி உடைந்து முதல் எழுத்து சிதைந்து தெரிந்தால் பதற வேண்டாம்.

கட்டளை வரியில் சரியாக ஓடியது கிரானில் ஓடாததற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். கிரான் தரும் பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைப் பட்டியல்) மிகக் குறுகியது. 'பின்' (bin) என்று முடியும் இரண்டு கோப்புறைகளைத் தாண்டித் தேடாது. முடிவு எண் 127 வந்தால் கட்டளை கிடைக்கவில்லை என்று பொருள். முழுப் பாதையை எழுதுங்கள். இரண்டாவது சதவீதக் குறி. கிரான்டேபில் அதற்கு வரிமுறிவு என்று பொருள். கோப்புப் பெயரில் தேதி சேர்க்க டேட் கட்டளையில் சதவீதக் குறியைப் போட்டால், வரி அங்கேயே வெட்டுப்படும். முன்னால் பின்சாய்வுக் கோடு இடலாம். அதைவிட, எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, கிரான்டேபில் அதன் பாதையை மட்டும் வைப்பது நல்லது.

முடிவு எண்களைப் படிக்கப் பழகினால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும். டைம்அவுட் கட்டளையின் கீழ் ஓட்டிய வேலை நேரம் கடந்து நிறுத்தப்பட்டால் 124. நினைவகம் போதாமல் கர்னல் (இயங்குதளத்தின் மையம்) கொன்றால் 137, அதாவது 128உடன் கில் சைகையின் எண்ணான 9. இந்த 137இல் ஒரு சிக்கல்: வெளியீடு காலியாக வரலாம். பைத்தான் நிரல், திரைக்கு எழுதாதபோது வெளியீட்டை இடையகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவதால், கொல்லப்படும்போது சேர்ந்திருந்ததும் அழிகிறது. மைனஸ்-யு விருப்பத்தோடு ஓட்டுங்கள். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்கின் 24ஐத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. நகலெடுக்கும்போது சில மூலக் கோப்புகள் மறைந்துவிட்டன என்பதுதான் அது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அது சகஜம். 24 வந்தால் 0 ஆக்கி அனுப்பலாம். பிழையால் சில கோப்புகள் நகலாகவில்லை என்னும் 23 வந்தால் விடக்கூடாது.

0 வந்ததாலேயே பேக்கப் இருக்கிறது என்றாகாது. அதனால் ஸ்கிரிப்டின் முடிவில் பேக்கப் கோப்பின் அளவையும் வட்டில் மீதியுள்ள இடத்தையும் அச்சிடச் செய்யுங்கள். அவை வெளியீட்டோடு சேவைக்குப் போகும். நேற்று 4 ஜிபி, இன்று 20 பைட் என்றால் பார்த்த கண்ணுக்குத் தெரியும். 20 பைட் என்பது ஒன்றுமில்லாததை ஜிசிப்பால் சுருக்கினால் கிடைக்கும் அளவு. இன்னும் உறுதி வேண்டுமானால், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் டம்ப் (முழு நகல்) முழுமையாக முடிந்தால் கடைசி வரியில் முடிந்ததென்று தானே எழுதும். அந்த வரி இல்லையென்றால் ஸ்கிரிப்டே 1 என்று முடியட்டும்.

வெளியீட்டை வெளியே அனுப்புகிறோம் என்பதையும் மறக்கக்கூடாது. ஷெல்லின் செட்-எக்ஸ் அமைப்பை இயக்கி வைத்திருந்தால் ஒவ்வொரு கட்டளையும் கடவுச்சொல்லோடு அச்சாகி, மூன்றாம் தரப்பின் சேமிப்பில் போய் உட்காரும். தரவுத்தளக் கடவுச்சொல்லை வாதமாகத் தராமல், உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி உரிமை 600 வைத்த தனிக் கோப்பில் வையுங்கள். வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண் அச்சாகும் வேலை என்றால் எண்ணிக்கையை மட்டும் அச்சிடுங்கள். சேவையின் முகவரியும் ரகசியம்தான். அது தெரிந்த எவரும் உங்கள் சார்பில் 'வெற்றி' என்று தட்டலாம்.

தட்டல் வர எவ்வளவு பொறுக்கலாம் என்ற அவகாச நேரம் வைப்பதில் பலர் இறுக்கமாக இருக்கிறார்கள். வழக்கமாக 20 நிமிடம் எடுக்கும் வேலைக்கு 25 நிமிட அவகாசம் தந்தால், தரவு கொஞ்சம் வளர்ந்ததும் பொய் எச்சரிக்கை கிளம்பும். நான்கு முறை பொய்யாகக் கூவினால் ஐந்தாவதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் கொடுங்கள். வேலை தொடங்கும்போதும் ஒரு தட்டல் அனுப்பினால், எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் சேவையே காட்டும். மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும் வேலை அதில் தெரிந்துவிடும். முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காமலிருக்க எஃப்-லாக் போடுங்கள். சர்வர் ஒரு நேர மண்டலத்திலும் சேவையில் குறித்த அட்டவணை வேறொன்றிலும் இருந்தால், முதல் நாளே வீண் எச்சரிக்கை வரும். கிரானுக்குப் பதில் சிஸ்டம்டி டைமர் பயன்படுத்துவோருக்கும் இதே ஸ்கிரிப்ட் பொருந்தும். வெளியீடு அதன் பதிவேடான ஜர்னலிலும் தங்கும் என்பது கூடுதல் வசதி.

அமைத்து முடித்ததும் இரண்டு முறை கெடுத்துப் பாருங்கள். ஒரு முறை ஸ்கிரிப்டில் இல்லாத ஒரு கட்டளையை எழுதி, 127உம் பிழை வரியும் எச்சரிக்கையில் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். மறுமுறை கிரான்டேப் வரியின் முன் ஹேஷ் குறியிட்டு, அவகாசம் தாண்டியதும் போன் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் சோதனையைச் செய்பவர்களில் பலர் இரண்டாவதைச் செய்வதில்லை. டெவ்-நல்லுக்குத் திருப்பச் சொன்ன வரியைக் கட்டுரையிலிருந்து அப்படியே எழுதிக்கொண்ட வாசகர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள்