பி பக்கம் காலி

தஞ்சாவூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து நாலு மாசம் ஆகிறது. பதில் போடாதது தப்பு. கண் ஆபரேஷன், வீட்டுக்குச் சுண்ணாம்பு என்று காரணம் சொல்லலாம், ஆனால் அதெல்லாம் ரெண்டு வாரத்து வேலை. இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? பெரியவனுக்கு நாக்பூரிலேயே மாற்றல் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. கண்டக்டர் போன மாசம் தவறிவிட்டார். மாலை வாங்கிப் போட்டேன், உன் பேரையும் சேர்த்து.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ பேச ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குப் பாட்டுப் பதிவு பண்ணித் தந்த கடை அண்ணன் கடையைக் காலி செய்கிறார். கேசட் போய், சிடி போய், கடைசியில் செல்போன் உறையும் சார்ஜரும் விற்றுக்கொண்டிருந்தார். இனி முடியாது என்று இடத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். ஷெல்ஃபைக் கழற்ற ஒரு கை வேண்டும் என்று கூப்பிட்டார், போனேன். பரணில் பழைய ஆர்டர் நோட்டுகள், மொத்தம் பதினொன்று. பழைய பேப்பர்காரனுக்குப் போட இருந்தார். நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். நோட்டில் பேர், தேதி, கேசட் அறுபதா தொண்ணூறா, ஏ பக்கம் என்ன பாட்டு, பி பக்கம் என்ன பாட்டு என்று நாமே எழுதிக் கொடுப்போம். அறுபது என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஆறு பாட்டுப் போக மிச்சம் ரெண்டு நிமிஷம் இருந்தால் அண்ணன் அதை வெறுமனே விடமாட்டார். ஏதாவது ஒரு பின்னணி இசைத் துண்டைப் போட்டு நிரப்பித் தருவார். அதற்காகவே அவரிடம் போவோம். ஒவ்வொரு ஆர்டருக்கும் கீழே, வாங்கிப் போனவர் கையெழுத்து.

மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ஊரே அதில் இருக்கிறது. உன் பக்கங்களும் நிறைய. பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டும் காதல் பாட்டு, ஓரத்தில் சின்னதாக ‘அ’ என்று ஒரு எழுத்து. யாருக்கு என்று எனக்குத் தெரியும். தங்கச்சியிடம் சொல்லமாட்டேன், பயப்படாதே. விகடன் 1987ல் நாயகனுக்கு 60 மார்க் போட்டதற்கு, நீ டிக்கெட்டின் பின்னால் 57 என்று எழுதி வைத்துக்கொண்டு ராஜா கலையரங்கம் தியேட்டர் வாசலில் இரண்டு மணி நேரம் கத்தினாயே, அந்த வாரமே நாயகன் பாட்டு அத்தனையும் பதிவு பண்ணச் சொல்லியிருக்கிறாய். 16 வயதினிலேக்குக் கொடுத்த 62.5ஐ எந்தப் படமும் தாண்டக் கூடாது என்று ஒரு பிடிவாதம் உனக்கு. படம் பிடிக்காமல் அன்றைக்கு நீ சண்டை போடவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

நான் எழுத வந்தது இது இல்லை. மூன்றாவது நோட்டு, 1986 பிப்ரவரி 3. நம் சிநேகிதன் பாகவதர் கைப்பட எழுதிய ஆர்டர்.

அந்த வருஷத் தியாகராஜ ஆராதனையை நீ மறந்திருக்கமாட்டாய். திருவையாற்றில் பஞ்சரத்னக் கீர்த்தனை முடிந்து, ஆற்றுப் பாலத்துக் கடையில் இட்லி தின்றுவிட்டு, சைக்கிளில் திரும்பினோம். ஊர் வந்து சேரும்வரை எனக்கும் அவனுக்கும் சண்டை, நீ நடுவில். சிந்து பைரவி வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. தியாகராஜர் காம்போதி ராகத்தில் செய்த ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையை, அந்தப் படத்துப் ‘பாடறியேன்’ பாட்டில் சாரமதி ராகத்தில் போட இந்த இளையராஜா யார் என்று அவன் ஆரம்பித்தான். சமாதியில் விழுந்து கும்பிட்டுவிட்டு வருகிற வழியில் இந்தப் பேச்சு வேறு. இருக்கிற காம்போதியைச் சபாக்காரர்கள் தூங்கிக்கொண்டே கேட்கட்டும், எங்கள் ராஜா ஊரை எழுப்பிவிட்டார் என்று நான் சொன்னேன். அவன் ஒரு கை ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, ‘உனக்கு ஆரோகணம் அவரோகணம் தெரியுமாடா?’ என்றான். எனக்குத் தெரியாது. அதனால் இன்னும் பலமாகக் கத்தினேன்.

அதே வாரம் அவன் எழுதிக் கொடுத்த ஆர்டர் இது:

‘அறுபது கேசட். ஏ பக்கம்: பாடறியேன் படிப்பறியேன், பக்கம் நிறையும்வரை திருப்பித் திருப்பி. பி பக்கம் காலி.’

வாசித்துவிட்டு எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டேன், மாப்ளே. ஒரே பாட்டு, அரை மணி நேரத்துக்கு. ஊரைக் கூட்டி அந்தப் பாட்டை வைதவன், அறையைச் சாத்திக்கொண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான்? அந்தப் பாட்டுக்காக அடிதடிக்குப் போனவன். என் ஆர்டர் எதிலும் அது ஒரு தடவைக்கு மேல் இல்லை.

1993 உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது போபாலில். இசைக்கான தேசிய விருது ரஹ்மானின் ரோஜாவுக்கு என்று செய்தி வந்த அன்று சாயங்காலம், அண்ணன் கடை வாசல். ‘உங்க ராஜா போயாச்சு’ என்று பாகவதர் சிரித்துக்கொண்டே சொன்னான். சாதாரணக் கேலிதான். எனக்கு ஏற்கெனவே உள்ளுக்குள் எரிச்சல். மெஷின் இசை, மெஷின் இசை என்று எட்டு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ரோஜா பாட்டு வந்தால் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். அந்தக் கோபத்தில் அவனைப் பார்த்து, ‘உன் தொண்டைக்கு இந்த ஜில்லாவில் ஒரு சபாவாவது கதவு திறந்ததாடா’ என்று கேட்டுவிட்டேன். பத்துப் பேர் நின்றார்கள். அவன் அப்பா இறந்து ஆறு மாசம். அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அதற்கப்புறம் கல்யாணம், காரியம் என்று பார்த்தால் தலையசைப்பு. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன்னிடம் ‘அவன் பேசுவதில்லை’ என்று மட்டும் சொல்லி வந்தேன். என்ன பேசினேன் என்று சொன்னதில்லை.

அந்த விருதைப் பற்றிப் பின்னால் வெளியான ஒரு சேதி மனசில் இருந்துகொண்டே இருக்கிறது. ரோஜாவுக்கும் ராஜா இசையமைத்த தேவர் மகனுக்கும் ஓட்டு சமமாக விழுந்து, நடுவர் குழுத் தலைவர் பாலு மகேந்திராவின் ஓட்டில்தான் புதுப் பையனுக்குப் போனது. மூடுபனி தொடங்கி ராஜாவைக் கூடவே வைத்துப் படம் எடுத்த மனிதர் அவர். அதற்குப் பிறகும் ராஜாவோடுதான் படம் பண்ணினார். ஒருத்தரின் இசையோடு ஆயுள் முழுக்க வாழ்ந்துகொண்டே, இந்த வருஷம் இது என்று இன்னொருத்தருக்குக் கை தூக்க அவரால் முடிந்தது. நாம் வாசலில் நின்றுகொண்டு எவன் எந்தக் கட்சி என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோட்டை எடுத்துக்கொண்டு தெற்கு வீதிக்குப் போனேன். போன புதன்கிழமை. பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். தலை சுத்தமாக வெளுத்துவிட்டது. குரல் அப்படியே. என்னைப் பார்த்ததும் பாடத்தை நிறுத்தவில்லை, பாயைக் காட்டினான், உட்கார்ந்தேன். பிள்ளைகள் போனதும் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தான். விரலால் அந்த மை மேல் ஒரு தடவு தடவினான்.

‘பிடிச்சிருந்ததுடா’ என்றான். ‘ரொம்பவே பிடிச்சிருந்தது. பிடிச்சதால அது சரின்னு ஆயிடாது.’

நான் 1993 பேச்சை எடுத்தேன். தப்பு என்று சொன்னேன். எழுதுகிறபோதும் கை நடுங்குகிறது. அவன் சுருதிப் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னான்: ‘அன்னிக்கு நீ பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையேடா. சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். மறுநாள் காலையில டீக்கடைக்கு வந்திருப்பேன்.’

அப்புறம் பெட்டியைத் திறந்து பாடிக் காட்டினான். முதலில் காம்போதியில் ‘மரி மரி நின்னே’ பல்லவி. திரும்பத் திரும்ப உன்னிடமே முறையிட்டும் உன் மனசில் தயை வரவில்லையே என்கிற வரி. காம்போதியில் அது உரிமைக்காரன் கேட்கிற கேள்வி என்கிறான். அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுக்கிற பிள்ளை மாதிரி. அடுத்து சாரமதி. அதே சொற்கள், ஆனால் கேட்க நாதியில்லாதவள் குரல். இறங்கும்போது பஞ்சமம், ரிஷபம் என்கிற ஸ்வரங்கள் கிடையாது, தைவதத்திலிருந்து மத்தியமத்துக்கு விழுகிற இடத்தில் மனசு பிசைகிறது. ‘தியாகராஜர் கெஞ்சலை. உரிமையோட கோவிச்சுண்டார். அதை அழுகையா மாத்திட்டார் உங்க ராஜா. அழகா மாத்தினார். ஆனா மாத்திட்டார்’ என்றான்.

இந்தப் பதிலை 1986ல் சைக்கிளில் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. இப்போது கேட்டேன். என் பதிலையும் சொன்னேன். படத்தில் பாடுகிறவள் யார்? தெலுங்குக் கீர்த்தனையாகப் பாடுகிற வித்வானைப் பார்த்து, ஜனங்களுக்குப் புரிகிற தமிழில் பாடக் கூடாதா என்று கேட்டுவிட்டு, நாட்டுப்பாட்டு மெட்டில் ஆரம்பிக்கிற பெண். அந்த மேடையில் அவளுக்கு உரிமை ஏது? கிராமத்து மெட்டிலிருந்து கீர்த்தனைக்கு அவள் போவது காதுக்கே தெரியக் கூடாது, ஒரே ஸ்வரங்களில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சாரமதியில் அது நடக்கிறது. அந்த இடத்தில் திடீரென்று காம்போதியின் அந்தர காந்தார ஸ்வரம் வந்தால் கதவை உடைத்துக்கொண்டு நுழைகிற மாதிரி இருக்கும். சங்கீத ஞானமும் நல்ல பக்தியும் இல்லாதவர்களுக்கு மோட்சம் உண்டா என்று தியாகராஜர் கேட்ட ‘மோக்ஷமு கலதா’வே சாரமதிதானே, அந்த ராகத்தில் பாட்டறியாத ஒருத்தியைக் கொண்டுபோய் அவர் கீர்த்தனைக்குள்ளேயே நிறுத்தியது சாதாரணக் காரியமா என்றேன். சித்ராவுக்கு முதல் தேசிய விருது வெறுமனே வந்ததா?

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. ‘இதை எப்படா கத்துக்கிட்டே?’ என்றான். ‘உன்கிட்ட ஜெயிக்கணும்னு படிச்சேன்’ என்றேன். ‘இன்னும் ஜெயிக்கலை’ என்றான். காபி வந்தது. எட்டு மணிக்குப் போனவன் பதினொன்றரைக்குத்தான் எழுந்தேன். மறுபடியும் சண்டைதான் போட்டோம். எத்தனை வருஷம் வீணாகப் போயிற்று, மாப்ளே!

இப்போது உன் விஷயம். கிளம்புகிற நேரத்தில், பி பக்கத்தை ஏன் காலியாகக் கேட்டாய் என்று கேட்டேன். அவன் சிரித்தான். நோட்டைத் திருப்பி, ஆர்டருக்குக் கீழே இருந்த கையெழுத்தைக் காட்டினான். கேசட்டை வாங்கிப் போனது நீ! மூன்று ராத்திரி படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. உங்கள் வீட்டு மொட்டை மாடியில், உன் டூ-இன்-ஒன்னில், அந்தக் காலிப் பக்கத்தில் அவன் காம்போதியில் பாடியிருக்கிறான். இருபத்தோரு வயசுக் குரல். ‘அது அவன்கிட்டதான் இருக்கு, எனக்கே கேட்டு நாளாச்சு’ என்றான்.

நாற்பது வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் கடிதத்துக்கும் எப்படியடா பதில் எழுதினாய்? வரும்போது இதற்குத் தனியாகக் கணக்குத் தீர்க்கிறேன்.

அந்தக் குரலைப் பற்றித்தான் நான் பத்துப் பேருக்கு முன்னால் பேசினேன். எனக்கு அதைக் கேட்க வேண்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆராதனைக்கு வந்துவிடு. கேசட்டைப் பெட்டியில் போடாதே, கைப்பையில் துணி சுற்றிக் கொண்டு வா. பின்னால் பென்சில் விட்டுச் சுற்றிப் பார்க்காதே, இத்தனை வருஷத்துக்கு நாடா ஒட்டியிருந்தால் அறுந்துபோகும். கடை அண்ணன் ஒரு டெக்கை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறார், ஹெட்டைத் துடைத்துத் தயாராக வைக்கிறேன் என்றார். அவரே திறந்து பார்த்துப் போடட்டும்.

எந்த ரயில் என்று எழுது.

உன்,
கீழவீதிக்காரன்