மண்டப வாடகையும் மாயையும்

செல்லூரில் நம் சமூகத் திருமண மண்டபத்தை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

தலைவர் மாமா, செயலாளர் அண்ணன், மற்ற பெரியவர்கள் எல்லோருக்கும் நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். என் கல்யாணம் நம் மண்டபத்தில்தான் நடந்தது. வாடகையில் கொஞ்சம் பாக்கி வைத்து மறுவாரம் வந்து கட்டினேன். அதையும் நோட்டில் வரவு வைத்துத்தான் என்னை அனுப்பினீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மாடி ஹாலில் ஒரு சுவாமி வந்து அருளாசி கொடுக்கிறார். வாசலில் வைத்த ஃப்ளெக்ஸில் அவர் படத்துக்குக் கீழே ‘சர்க்கரை, மூட்டுவலி, கடன் தொல்லை தீரும்’ என்று இருந்தது. அதற்கும் கீழே நம் மண்டபத்தின் பெயர். நானும் இரண்டு தடவை போனேன், சர்க்கரைப் பொங்கல் நன்றாக இருந்தது. அதனால் எல்லாப் பழியையும் உங்கள் மேல் போட வரவில்லை.

என் மதினிக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. போன ஐப்பசியில் காலில் செருப்புக் கடித்த புண் ஆறவே இல்லை. அண்ணன் கேட்டபோதெல்லாம் ‘மாத்திரை போட்டுட்டேன்’ என்றார். ஒரு நாள் பூஜை அலமாரியைத் துடைக்கும்போது அந்தச் சுவாமியின் படத்துக்குப் பின்னால் என் கை தட்டியது. மாத்திரை அட்டைகள். ஆறு, பிரிக்காமல், ரப்பர் பேண்ட் போட்டு, மேலே விபூதி படிந்து கிடந்தன. அன்றைக்குச் சர்க்கரை 412. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

அண்ணன் அடுத்த பௌர்ணமிக்குப் போய் எல்லோர் முன்னாலும் கேட்டார். சுவாமி சிரித்துக்கொண்டே சொன்னார்: “உடம்பே மாயை. மாயைக்கு வந்த நோய்க்கு மாத்திரை எதற்கு?” கூட்டம் கைதட்டியது. அண்ணன் செருப்பைக்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டார்.

எனக்கு அந்தக் கைதட்டல்தான் பொறுக்கவில்லை. மாயை என்ற சொல் அவ்வளவு மலிவா? சைவ சித்தாந்த ஆசான் உமாபதி சிவம், தன் திருவருட்பயன் நூலில் ‘விடிவாம் அளவும் விளக்கனைய மாயை’ என்கிறார். விடிகிற வரைக்கும் உயிருக்குக் கிடைத்த விளக்கு அது. சைவ சித்தாந்தத்தில் மாயை பொய் அல்ல, உள்பொருள், அதாவது நிஜமாகவே இருக்கிற பொருள். உடம்பு, மனசு, உலகம் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. உடம்பு விளக்கு என்றால் மதினியின் மாத்திரை அதற்கு ஊற்றுகிற எண்ணெய்.

சரி, பிரம்மம் ஒன்றே உண்மை, உலகம் மாயைத் தோற்றம் என்கிற அத்வைதத்தைச் சுவாமி பேசுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அங்கும் இது செல்லாது. முடிவான உண்மை வேறு, நடைமுறை உண்மை வேறு என்று அத்வைதிகள் பிரித்தே வைத்திருக்கிறார்கள். பசி, நோய், கடன், கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடைமுறைக் கணக்கில் நிஜம்தான். கயிற்றைப் பாம்பு என்று பார்த்து மிரள்கிறவனிடம் விளக்கைக் கொண்டுவருவதுதான் குருவின் வேலை. இவர் மதினிக்கு விளக்கையா காட்டினார்?

நான் சரக்கு எடுக்க வாரம் ஒரு முறை மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வழியாகப் போகிறேன். அங்கேதான், தன் சித்தப்பா வீட்டில், 1896-ல் பதினாறு வயது வேங்கடராமனுக்குச் சாவு பயம் வந்து ‘நான் யார்’ என்ற கேள்வி பிறந்தது. பின்னாளில் உலகம் அவரை ரமணர் என்றது. அந்த ஆகஸ்டில் அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். அவர் அண்ணனுடைய காலேஜ் சம்பளத்துக்கான, அதாவது ஃபீஸுக்கான, ஐந்து ரூபாய் கையில் இருந்தது. ரயிலுக்கு மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வைத்தார். ‘நான்’ என்று ஆரம்பித்த கடிதம் நடுவிலேயே ‘இது’ என்று மாறிவிடுகிறது; கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுதான். இதைத் தேடிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். உன் சம்பளத்தை இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்றும் மறக்காமல் எழுதியிருந்தார்.

தன் பெயரைக்கூட விட்டுவிட்ட பையன் அந்த இரண்டு ரூபாய்க்குக் கணக்குச் சொன்னான். நம் மாடி ஹாலில் மதினி கழற்றிக் கொடுத்த மூன்று பவுன் செயினுக்குக் கணக்குக் கேட்டால் ‘பற்றை விடு தாயே’ என்கிறார்கள்.

இப்படிப் பேசினால் மதத்தைத் தாக்குகிறான் என்று நம்மில் சிலர் சொல்வீர்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சியைப் பார்க்கிறவன். துறவி வேஷத்தில் தப்புச் செய்கிற கூடாவொழுக்கத்துக்கு வள்ளுவர் ஒரு அதிகாரமே ஒதுக்கி, அதைத் துறவறவியலுக்குள்தான் வைத்திருக்கிறார். துறவியைச் சோதித்துப் பார்ப்பது நம் ஊரில் புதுசு இல்லை.

‘நாங்கள் வாடகைக்கு விடுகிறோம், அவ்வளவுதான்’ என்று செயலாளர் அண்ணன் என்னிடம் சொன்னார். கல்யாணத்துக்கு விடும்போது மாட்டுக்கறி கூடாது, சாராயம் கூடாது, பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்று எத்தனை நிபந்தனை போடுகிறோம்? தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954-லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. அதன் நோய்ப் பட்டியலில் சர்க்கரையும் இருக்கிறது. அந்த ஃப்ளெக்ஸில் நம் மண்டபத்தின் பெயரும் இருந்ததை மறந்துவிட வேண்டாம்.

பஜனை நடக்கட்டும், அன்னதானம் நடக்கட்டும். நோய் தீரும் என்ற வார்த்தை மேடையிலோ ஃப்ளெக்ஸிலோ வந்தால் ஹால் கிடையாது என்று வாடகைச் சீட்டில் எழுதுங்கள். நகை, பணம் எது வாங்கினாலும் பெயரும் தொகையும் போட்டு ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். தை பௌர்ணமிக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் எனக்குப் பதில் வேண்டும். மதினி இன்னும் அந்தப் படத்தை எடுக்கவில்லை. அன்றைக்கு ஆட்டோ சொல்லிவை என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

செயினுக்குக் கொடுத்த ரசீதின் ஜெராக்ஸை இத்துடன் வைத்திருக்கிறேன். ரோஸ் தாளில் ‘அன்பளிப்பு’ என்று அச்சடித்து இருக்கிறது. பெயர், தேதி, தொகை மூன்று இடமும் காலி.

இப்படிக்கு,
உங்கள் நோட்டில் பாக்கி இல்லாதவன்