வீட்டு டிவியில் தெரிகிற கேமரா போனில் ஏன் தெரியவில்லை?

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி கேமரா கடையிலிருந்து எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாகக் கடைக்கு வருகிற போன் அழைப்புகளில் முக்கால்வாசி ஒரே புகார்தான். வீட்டு டிவியில் கேமரா பளிச்சென்று தெரிகிறது, போனில் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் பழைய பிராட்பேண்டை எடுத்துவிட்டு ஃபைபருக்கு மாறியவர்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம் விளக்கித் தொண்டை கட்டிவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மாட்டிய டிவிஆர்களுக்கு (கேமரா படத்தைப் பதிவுசெய்து வைக்கிற பெட்டி) போன் இணைப்பு கொடுத்த விதமே வேறு. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் என்று ஒரு வேலை செய்வோம். வீட்டுக் காம்பவுண்டு சுவரில் தெருப்பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்து, அதைத் தட்டுகிறவரை நேரே டிவிஆரிடம் அனுப்புகிற ஏற்பாடு. அப்போது உங்கள் இணைப்புக்கென்று வெளியே தெரிகிற ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்கள் வீட்டின் கதவு எண், இருந்தது, அதனால் நடந்தது. இப்போது ஃபைபர் கொடுக்கிறவர்கள் பலரும் அப்படித் தருவதில்லை. நம்ம ஊர் வளவு தெரியும்தானே, வாசல் ஒன்று, உள்ளே எட்டுக் குடித்தனம், கதவு எண் எல்லாருக்கும் ஒன்றே. முகவரி தட்டுப்பாடு என்பதால் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்கும் பங்குபோட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், வெளியிலிருந்து தட்டுகிற உங்கள் போன் எந்தக் குடித்தனத்தைத் தேடுகிறது என்று வாசலில் யாருக்கும் தெரியாது. சந்தேகமிருந்தால் ரவுட்டருக்குள் போய் டபிள்யூஏஎன் ஐபி என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை எதிலாவது தொடங்கினால் நீங்களும் வளவில்தான் குடியிருக்கிறீர்கள். தனியாகப் பணம் கட்டி, உங்களுக்கு மட்டுமான மாறாத ஸ்டேட்டிக் ஐபி வாங்கலாம், ஆனால் நாலு கேமரா உள்ள வீட்டுக்கு அது தண்டச் செலவு.

இப்போதைய முறை சீரியல் நம்பரும் க்யூஆர் கோடும்தான். டிவிஆரே வெளியே போய்க் கேமரா கம்பெனியின் சர்வரில் பேரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும், உங்கள் போனில் உள்ள ஆப்பும் அங்கேதான் போய்க் கேட்கும். கல்யாணத் தரகர் மாதிரி சர்வர் இரண்டு பேரையும் சேர்த்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். நேரே சேர்க்க முடியாத இடத்தில் தானே நடுவில் உட்கார்ந்து படத்தை வாங்கி வாங்கிக் கொடுக்கும், அப்போது கொஞ்சம் தாமதமாக வரும். உள்ளேயிருந்து வெளியே போகிற இணைப்பு என்பதால் வளவாக இருந்தாலும் தடையில்லை, சுவரில் கதவும் வேண்டாம்.

நீங்களே செய்து பார்க்கலாம். டிவிஆரிலிருந்து புது ரவுட்டருக்கு லேன் கேபிள் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (சிரிக்காதீர்கள், பேர்லாண்ட்ஸில் ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போய்வந்தது இதற்காகத்தான்). அப்புறம் டிவிஆர் மெனுவில் நெட்வொர்க் பகுதியில் டிஹெச்சிபியை (ரவுட்டரே ஐபி எண் கொடுக்கிற ஏற்பாடு) ஆன் செய்யுங்கள். புது ரவுட்டர் பெரும்பாலும் வேறு எண்வரிசையில் ஐபி கொடுக்கும், டிவிஆர் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் அதற்கு வெளியே போக வழி தெரியாது. நிறையப் பேருக்குக் கோளாறு இது ஒன்றுதான். பி2பி அல்லது கிளவுட் என்று இருப்பதை (நான் சொன்ன தரகர் முறைதான்) ஆன் செய்து, ஆன்லைன் என்று காட்டியதும் ஆப்பில் கோடை ஸ்கேன் செய்தால் முடிந்தது. ஆப்பை பிளே ஸ்டோரில் அந்தக் கம்பெனி பெயரைப் பார்த்தே இறக்குங்கள், வாட்ஸ்ஆப்பில் யாராவது அனுப்பும் ஃபைல் வேண்டவே வேண்டாம்.

சரி, எங்கள் தப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் கதவைத் திறந்துவைத்ததோடு நில்லாமல், பல டிவிஆர்களில் பாஸ்வேர்டை 12345 என்றே விட்டுவிட்டோம். மறந்துபோய் ராத்திரியில் கூப்பிடுவார்களே என்ற சோம்பல்தான். 2016இல் மிராய் என்றொரு வைரஸ் கிளம்பியது. இணையத்துக்குத் திறந்துகிடந்த டிவிஆர், கேமரா, ரவுட்டர்களைத் தேடித்தேடி, எல்லாருக்கும் தெரிந்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. 12345, 888888 எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படிப் பிடித்த பெட்டிகளை ஏவிவிட்டு அந்த அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தையே (இணையதளப் பெயருக்கு ஐபி முகவரி தேடித் தருகிறவர்கள்) முடக்க, ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் திணறின. திருடனைப் பார்க்க மாட்டிய பெட்டியே திருடனுக்கு வேலை செய்தது. ஆகவே 2018க்கு முன் எங்களிடம் மாட்டியவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதவை மூடி, பாஸ்வேர்டை மாற்றி, புது முறையில் இணைத்துத் தருகிறோம். காசு வேண்டாம். டிவிஆரில் பி2பி வசதியே இல்லாத ரொம்பப் பழைய பெட்டியாக இருந்தால் மட்டும் மாற்றுவது பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது ஆப் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு கணக்கோடுதான் முதலில் கட்டுப்படும், மற்றவர்களுக்கு அந்தக் கணக்கிலிருந்து ஷேர் செய்ய வேண்டும். மாட்ட வருகிற பையன் அவசரத்தில் தன் போன் நம்பரிலேயே பதிந்துவிட்டுப் போய்விடுவான். எங்களிடம் வேலை பார்த்து நின்றுவிட்ட ஒருவர் நம்பரில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றின் கேமரா இரண்டு வருஷம் கிடந்தது. பட்டறைக்காரர் புதுப் போன் வாங்கி ஸ்கேன் செய்து, இது வேறொருவர் கணக்கில் இருக்கிறது என்று ஆப் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. கொலுசு உருக்குகிற இடம், அவர் திட்டியது ஒன்றும் அதிகமில்லை. கணக்கு உங்கள் நம்பரில், ஓடிபி உங்கள் போனுக்கு. நாங்களே கேட்டாலும் பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள், நீங்களே டைப் செய்யுங்கள். வேலையை விட்டுப்போன டிரைவர், காலி செய்துபோன மாடி வீட்டுக்காரர் பெயரெல்லாம் ஷேர் பட்டியலில் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

டேட்டா தீர்ந்துபோகிறது என்பவர்களுக்கு: முழுத் தெளிவில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் இழுத்தால் மணிக்கு 900 எம்பி போய்விடும். பெங்களூரிலிருந்து அம்மா மதியம் சாப்பிட்டாரா என்று பார்க்கிற மகன், தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமில் நொடிக்கு 512 கிலோபிட்டில் வைத்துக்கொண்டால் மணிக்கு 225 எம்பிதான் ஆகும். ஆள் தெரிந்தால் போதும், சேலைக் கரை தெரிய வேண்டாம்.

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ராத்திரி மூடுபனி இறங்கும்போது கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளையடித்த சுவர் போல ஆகிவிடும், மோஷன் அலர்ட் விடிய விடிய அடிக்கும். அது கேமரா கோளாறு இல்லை. மனிதர்களை மட்டும் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள், லென்ஸ் முன்னால் உள்ள சிலந்தி வலையை வாரம் ஒருமுறை துடையுங்கள். குரங்கு கேபிளைப் பிடித்து ஆடினால் மட்டும் எங்களிடம் மருந்தில்லை, பைப்புக்குள் விட்டுத் தருகிறோம். சிம் போட்ட கேமரா வைத்திருப்பவர்கள் படம் வராதபோது முதலில் ரீசார்ஜைப் பாருங்கள்.

கடைக்கு வருவதானால் டிவிஆரைக் கழற்றித் தூக்கிவர வேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஒரு போட்டோ, ரவுட்டரின் முன்பக்கம் ஒரு போட்டோ, இரண்டும் போதும். வீட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மலைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்காதீர்கள், அன்றைக்குச் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் பையனுக்குப் பாதி நாள் போய்விடுகிறது.