மோடலுக்குப் பின்னால் வருவது

அன்புள்ள சுந்தரம்,

உன் ஆங்கில இலக்கணப் பயிற்சி ஏடு கைக்கு வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம்.

பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதே. கேன், மஸ்ட், மே போன்ற மோடல் துணைவினைகளைப் பற்றி, 'மோடலுக்குப் பின் நிகழ்கால வினை வரும்' என்று எழுதியிருக்கிறாய். தவறு, சுந்தரம். 'கேன் கோ'வில் உள்ள 'கோ' நிகழ்காலம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான். 'பி' என்ற வினையை வைத்துப் பார், வெளிச்சமாகிவிடும். அதன் நிகழ்காலம் ஆம், இஸ், ஆர். 'ஷி மஸ்ட் இஸ் டயர்ட்' என்று யாராவது சொல்வார்களா? 'மஸ்ட் பி' தானே? காலமும் இடமும் ஒட்டாத வெறும் வினைதான் அங்கே வரும். 'ஹி கேன் கோஸ்', 'குட் (could) வென்ட்' இரண்டும் அதனால்தான் தவறு.

தமிழிலேயே இது இருக்கிறதே! அவன் போகிறான், அவள் போகிறாள் என்று விகுதி மாறும். 'போகலாம்' என்றால் அவனுக்கும் அவளுக்கும் எனக்கும் ஒரே வடிவம். பாடத்தை இங்கிருந்து தொடங்கு. ஆனால் 'போக' என்றால் 'டு கோ' என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். 'மஸ்ட் டு கோ' பிறப்பது அங்கேதான். மோடல்களில் 'ஆட்' (ought) மட்டும் 'டு'வோடு வரும். 'ஹேவ் டு' மோடலே அல்ல. 'ஹி ஹேஸ் டு' என்று மாறுகிறதே, அதுவே சாட்சி.

'போய்க்கொண்டிருக்கலாம்' என்பது 'மே பி கோயிங்'. 'போயிருக்கலாம்' என்பது 'மே ஹேவ் கான்'. இங்கே வெறும் வினையாக நிற்பது 'ஹேவ்'; 'ஷி' வந்தாலும் 'ஹேஸ்' ஆகாது. அதற்குப் பின் 'கான்' (gone) போன்ற வினையின் மூன்றாம் வடிவம், அதாவது வி3தான்; 'வென்ட்' கூடாது. பேச்சில் 'குட் ஹேவ்' தேய்ந்து 'குடவ்' என்று காதில் விழும். அதை 'குட் ஆஃப்' (could of) என்று எழுதுகிறவர்கள் ஆங்கிலம் தாய்மொழியானவர்களிலேயே உண்டு.

'செய்ய முடியலாம்' என்று நாம் அடுக்குவதைப் பார்த்து 'மே கேன் டூ' என்று எழுதுவார்கள். பொது ஆங்கிலத்தில் இரண்டு மோடல் சேராது; 'மே பி ஏபிள் டு டூ' என்று காட்டு.

ஏழாவது பயிற்சிதான் என்னை உறுத்துகிறது. 'அவன் போயிருக்க வேண்டும்' என்பதற்கு ஒரே விடை கொடுத்திருக்கிறாய். அவன் அறையில் இல்லை, செருப்பும் இல்லை என்றால் அது ஊகம்: 'மஸ்ட் ஹேவ் கான்'. போகாமல் இருந்துவிட்டான் என்ற குறை என்றால் 'ஷுட் ஹேவ் கான்'. முன்னால் ஒரு வாக்கியம் சேர்க்காமல் பிள்ளை எதை எழுதும்?

திருத்திய பக்கத்தை அனுப்பு. இந்த முறை மறுநாளே பதில் வரும்.

அன்புடன்,
ராகவன்