உச்சிக்குழி துடிப்பது இயல்புதான்

பாம்பன்

அன்பு மகளுக்கு,

குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று ஓரிடம் துடிப்பதைக் கண்டு பயந்து எழுதியிருந்தாய். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றோடொன்று சேராமல் விட்டிருக்கும் இடைவெளியைத்தான் உச்சிக்குழி என்கிறோம். பிரசவத்தின்போது தலை சற்று நெருங்கி வெளிவரவும், அதன்பின் விரைந்து பெருகும் மூளைக்கு இடம் கிடைக்கவும் அது தேவை. பின்பக்கத்துச் சிறு குழி 2, 3 மாதங்களிலும், முன்பக்கத்துப் பெரிய குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள்ளும் மூடிவிடும். குழி உள்வாங்கினாலோ, குழந்தை அழாதபோதும் புடைத்து நின்றாலோ மட்டும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்.

குளிப்பாட்டும்போது தலையை உருண்டையாக்குவதாகச் சொல்லி யாரையும் அழுத்த விடாதே. நம் கடற்கரை ஊர்களில் செவிலியராக வீடு வீடாகச் சென்ற காலமெல்லாம் நான் தடுத்துவந்த பழக்கம் அது. பிரசவத்தில் நீண்டுபோன தலை தானே சீராகிவிடும்.

பிறக்கும்போது உடலில் ஏறத்தாழ 300 எலும்புகள் இருக்கும். வளர்ந்தவருக்கு இருப்பவை 206. எதுவும் தொலைந்துபோவதில்லை, தனித்தனியாக இருப்பவை இணைந்துவிடுகின்றன. முதுகெலும்பின் அடியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாவதற்கு இருபது வயதைத் தாண்டிவிடும். இப்போது உன் பிள்ளையின் முழங்கால் சில்லு வெறும் குருத்தெலும்புதான். பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால், அங்குள்ள எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்றுகூடப் பெரும்பாலும் தெரியாது. அவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தோன்றுவதால்தான், மருத்துவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தே எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். முதுகும் பிறக்கும்போது ஒரே வளைவாகத்தான் இருக்கும். தலை நிற்கும் பருவத்தில் கழுத்தின் வளைவும், எழுந்து நடக்கும் பருவத்தில் இடுப்பின் வளைவும் தெளிவாக உருப்பெறும். பிள்ளை தானாகவே எழுந்து நடக்கட்டும்; மாப்பிள்ளை வாங்கிவர விரும்பும் வாக்கர் வேண்டாம் என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல்.

கை கால் எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் பதின்பருவ முடிவில் மூடியதும் உயரம் நின்றுவிடுகிறது. ஆனால் 24 வயதாகும் உனக்கே கழுத்தடியிலுள்ள காறை எலும்பின் உள்முனை இன்னும் முழுதாக இணையாமல் இருக்கலாம். எலும்பின் அடர்த்தியும் கூடிக்கொண்டிருக்கும் வயது இது. பால் கொடுக்கும் காலத்தில் உன் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் பாலுக்குப் போகிறது. நெத்திலியை முள்ளோடு சாப்பிடு. கேழ்வரகையும் தயிரையும் விட்டுவிடாதே. குழந்தைக்கு வைட்டமின் டி சொட்டு மருந்தை மருத்துவர் சொன்ன அளவில் நாள் தவறாமல் கொடு.

அன்புடன்,
அம்மா