ஹம்பி படங்கள் வந்து சேர்ந்தன

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஹம்பி படங்கள் வந்தன. நான் சொன்னபடி அளவு குறைக்காமல் அனுப்பியதால் நம் ஸ்டுடியோக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஹேமகூட மலைப் பாறையில் பாப்பா உட்கார்ந்திருக்கும் படம் முதல் தரம். வெயில் இறங்கும் நேரம், முதுகுப் பக்கத்திலிருந்து வெளிச்சம். முடி ஓரமெல்லாம் பொன்னாக எரிகிறது, ஆனாலும் முகம் கறுக்கவில்லை. பின்னால் வானம் இருந்தால் கேமரா வானத்தைத்தான் கணக்கில் எடுக்கும், நம் மாநிற முகம் இருண்டுவிடும். நீ வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, ஏற்றி எடுத்திருக்கிறாய். எதிரில் கிடக்கும் பாறைகளும் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. உன் தாத்தா இருந்திருந்தால் அதைக் கடை வாசலில் மாட்டியிருப்பார். நான் பிரிண்ட் போட்டுவிட்டேன்.

கல்தேருக்கு முன்னால் எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. உச்சி வெயில். கண்குழி இரண்டும் கறுப்பு, மூக்குக்குக் கீழே நிழல், பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. தேர் நன்றாக விழுந்திருக்கிறது, பாப்பா விழவில்லை. சுற்றிலும் மண்டபங்கள் இருக்கின்றனவே! நிழலின் ஓரத்தில், வெயில் கோட்டுக்கு இரண்டடி உள்ளே நிறுத்தி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பினால் போதும். திறந்த வானம் முழுக்க உனக்கு விளக்காக இருக்கும். மரத்தடியில் வேண்டாம், இலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத் திட்டாக விழும், பச்சை வேறு ஏறும். நீலத் தார்ப்பாய்க்கு அடியிலும் வேண்டாம்.

பரிசலில் எடுத்தது ஆடியிருக்கிறது. பிள்ளைகளை எடுக்கும்போது ஷட்டர் வேகத்தை நொடியில் 250-ல் ஒரு பங்குக்குக் கீழே இறக்காதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அதற்காகக் கேமராவின் ஒளி உணர்வு, அந்த ஐஎஸ்ஓ, ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், ஆடிப்போன கண்ணைப் பார்க்க முடியாது.

ஆற்றுக்கு அக்கரையில் ஆனேகுந்தியில் ஊர்ப் பிள்ளைகளையும் எடுத்திருக்கிறாய். வீட்டாரைக் கேட்டுத்தானே எடுத்தாய்? கேட்காமல் எடுத்ததை யாருக்கும் அனுப்பாதே.

தங்கிய அறையில் ஜன்னலோரம் எடுத்த படத்தைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெகட்டிவில் பென்சில் பிடித்து ரீடச் செய்த காலத்திலிருந்து எனக்கு எந்தப் படத்திலும் முதலில் கண்தான். பாப்பாவின் கருவிழியில் ஜன்னல் சதுரமாக விழுந்திருக்கிறது, கம்பியை எண்ணலாம். நடுவில் கறுப்பாக நீ, குத்துக்காலிட்டு. பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுத்திருக்கிறாய், சந்தோஷம். பக்கத்தில் வேறு யாரும் தெரியவில்லை. மருமகள் குளிக்கப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பாப்பாவின் ரெட்டைப் பின்னலில் ஒன்று காதுக்கு மேலே ஏறியிருக்கிறது, மற்றது தோளுக்குச் சரிந்திருக்கிறது. ரிப்பனை ஷூ லேஸ் மாதிரி முடிந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் அதே பின்னல்தான். பின்னல் போட எப்போது கற்றுக்கொண்டாய்? நன்றாகத்தான் போட்டிருக்கிறாய். முன் வகிடு எடுத்துவிட்டுப் பிரித்தால் இரண்டும் சமமாக வரும் என்று அம்மா சொல்வாள். அம்மாவிடம் நான் அந்தப் படத்தைக் காட்டவில்லை.

விருபாட்சர் கோயிலில் தலைகீழாக விழும் கோபுர நிழலைப் பாப்பாவுக்குக் காட்டினாயா? சின்னத் துளை வழியாக வெளிச்சம் நுழைந்து, ஒன்பது நிலைக் கோபுரமும் உள்சுவரில் கவிழ்ந்து விழுகிறதே, கேமராவுக்குள் நடப்பதும் அதுவேதான். கல்யாணமான புதிதில் நீங்கள் இரண்டு பேரும் அங்கே போனபோது மருமகள்தான் அதை எடுத்து எனக்கு அனுப்பி, "இது எப்படி மாமா?" என்று கேட்டாள். நான் தாளில் கோடு போட்டு விளக்கி அனுப்பினேன். உனக்கு அன்றைக்கு அதில் அக்கறை இல்லை. அவளுக்கு இருந்தது.

அம்மா போன் போட்டால் ரோட்டில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்கிறாய். படம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, பாப்பா இன்னும் உன்கூட ஊர் சுற்றுகிறாள். நீ பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. படத்தில் பிள்ளை சிரிக்கிறாள். உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள்.

வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் மெத்தென்று இருக்கும் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் படித்துவிட்டு அப்படியே செய்யாதே. கோவில்பட்டியில் சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி முன்பாதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது, வடக்கு ஜன்னலிலேயே வெயில் அடிக்கும். அதற்காகத்தான் உன் தாத்தா ஸ்டுடியோ ஜன்னலுக்கு மல் துணி கட்டினார். பையில் ஒரு வெள்ளை வேட்டி வைத்துக்கொள். கடும் வெயிலென்றால் மேலே பிடிக்கலாம், முகம் இருண்டிருந்தால் கீழே விரிக்கலாம். பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். நீ ஒருத்தனாகக் கேமராவையும் வேட்டியையும் பிள்ளையையும் பிடிக்க முடியாது.

அடுத்த படத்தில் பாப்பாவை அவள் அம்மா மடியில் உட்கார வைத்து எடு. ஜன்னலோரம், காலை நேரம். இரண்டு முகமும் ஒரே தூரத்தில் இருக்கட்டும், இல்லையென்றால் லென்ஸ் துளையை, அப்பர்ச்சரை, குறுக்கிக்கொள், அப்போதுதான் இரண்டும் தெளிவாக விழும். எடுக்க முடியாத நிலை என்றால் அதையும் எனக்குச் சொல். கோபப்பட மாட்டேன், காரணமும் கேட்க மாட்டேன்.

மருமகளை எனக்கு ஒரு போன் போடச் சொல். வீட்டுக்கு வேண்டாம், கடை நம்பருக்கு. பதினோரு மணிக்கு மேல் ஆள் வரத்து இருக்காது, நான் தனியாகத்தான் இருப்பேன். நீ பேசுவதானாலும் அதே நேரம்தான்.

இப்படிக்கு,
அப்பா